அரசு எப்போது ஒதுங்கி நின்றது? அமிய குமார் பாக்சியின் ஆய்வுகளிலிருந்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(கட்சியின் இணையவழி அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே வைக்கப்பட்டுள்ளது. தோழர்கள் முழுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



இன்னைக்குப் பேசப்போற விஷயம் கொஞ்சம் கனமானது. ஆனா அது நாம டீக்கடையிலயும் வாட்ஸப் குரூப்லயும் தினமும் கேக்கிற ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குது. "அரசாங்கம் ஒதுங்கி நின்னாப் போதும், தொழில் தானா வளரும்." டிவி விவாதத்தில் இதைச் சொல்கிறார்கள். பட்ஜெட் அன்றைக்குக் கோட்டு சூட்டு போட்ட நிபுணர்கள் சொல்கிறார்கள். இதுக்கு ஒரு தம்பி வாக்கியமும் உண்டு. "நம்ம ஆளுங்களுக்குத் துணிச்சல் கிடையாது. பணத்தை நகையாவும் நிலமாவும் போட்டு வைப்பானே தவிர, தொழில்ல இறக்க மாட்டான்."

நாம பதிலுக்கு என்ன சொல்றோம்? "அரசும் பெருமுதலாளிகளும் கூட்டு" என்கிறோம். சரிதான். ஆனா எதிரே உட்கார்ந்திருப்பவர், "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டால்? கோஷம் அந்த இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கணக்கு வேண்டும், ஆவணம் வேண்டும். அந்தக் கணக்கை வாழ்நாள் முழுக்கப் போட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் பொருளாதார வரலாற்றாய்வாளர் அமிய குமார் பாக்சி.

1936-ல் வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பிறந்தவர். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பிறகு கொல்கத்தாவுக்கே திரும்பிவந்து பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தார், ஆய்வு நிறுவனங்களைக் கட்டினார். 2024 நவம்பரில் காலமானார். 1972-ல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூல், 1900 முதல் 1939 வரை இந்தியாவில் தனியார் முதலீடு பற்றியது. பாரத ஸ்டேட் வங்கியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவரும் அவரே. இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கங்க. முதலீடு ஒரு பக்கம், வங்கி ஒரு பக்கம். ரெண்டுக்கும் நடுவில் நிற்பது அரசு.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி

கேள்வி எளிமையானது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில், இவ்வளவு பெரிய நாட்டில், ஏன் இவ்வளவு குறைவான ஆலைகள்?

அப்போது தயாராக இருந்த விடைகள் மூன்று. இந்தியர்களிடம் சேமிப்பு இல்லை. இருந்தாலும் தங்கத்தில் முடக்குவார்கள். சாதியும் மதமும் அவர்களைத் தொழில் பக்கம் வரவிடவில்லை. மூன்றும் பழியை மக்கள் தலையில் போடுகின்றன. அரசாங்கம் எங்கேயும் வரவே இல்லை, கவனிச்சீங்களா?

பாக்சி இவற்றைச் சோதித்துப் பார்க்கிறார். துணிச்சல் இல்லை என்றால், பம்பாயிலும் அகமதாபாத்திலும் அவ்வளவு பருத்தி ஆலைகளை இந்தியர்கள் எப்படி நிறுவினார்கள்? பணம் இல்லை என்றால், 1907-ல் டாடா எஃகு நிறுவனத்துக்கு லண்டனில் மூலதனம் திரட்ட முடியாமல் பம்பாய்க்கு வந்தபோது, சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கான இந்தியர்கள் பங்கு வாங்கியது எப்படி? பணமும் இருந்தது, ஆளும் இருந்தது.

அப்படியானால் தடை எங்கே? பாக்சியின் விடை, சந்தையில் என்பது. விவசாயி கையில் காசு இல்லை. இருக்கிற சிறிய சந்தையும் இறக்குமதிக்குத் திறந்து கிடக்கிறது. அரசாங்கம் வாங்கும் பொருள்களும் கடல் கடந்து வருகின்றன. பொருளை யாரிடம் விற்பது என்று தெரியாதபோது எவன் ஆலை கட்டுவான்? கையில் பணம் உள்ள யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது, கணக்குத் தெரிந்தவன் இப்படித்தான் நடப்பான்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். மேற்கே பம்பாயில் இந்திய முதலாளிகள் வளர்ந்தார்கள். கிழக்கே கல்கத்தாவில் சணல், தேயிலை, நிலக்கரி எல்லாம் ஐரோப்பியர் கையில். ஏன்? "மார்வாரி, பார்சி, குஜராத்தி ரத்தத்திலேயே வியாபாரம் இருக்கு" என்று நம்மூரிலும் சொல்வார்கள். பாக்சி ரத்தத்தைத் தேடவில்லை, ஆட்சி வந்த தேதியைப் பார்த்தார். வங்காளத்தில் கம்பெனி ஆட்சி 18-ஆம் நூற்றாண்டிலேயே இறுகிவிட்டது. மேற்கு இந்தியாவில் மராத்தியர் தோற்றது 1818-ல். அந்த இடைவெளியில் அங்கிருந்த வணிகர்கள் தங்கள் வணிகத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். வங்காளத்தில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஏற்றுமதி வணிகம், வங்கி, கப்பல், வணிகர் சங்கம் எல்லாமே ஒரே வட்டத்துக்குள் போய்விட்டன. அந்த வட்டத்துக்குள் இந்தியருக்கு இடம் இல்லை.

"தலையிடாத" அரசு செய்த தலையீடுகள்

காலனி அரசாங்கம் தன்னைத் 'தலையிடாக் கொள்கை' அரசாங்கம் என்று சொல்லிக்கொண்டது. சந்தை தானாக நடக்கும், நாங்கள் நடுநிலை என்றது. அந்த நடுநிலையின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலாவது, ரயில்வே. 1849 ஒப்பந்தங்களிலிருந்து பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீத லாப உத்தரவாதம். ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் முதலீட்டாளருக்கு 5 சதவீதம் வந்துவிடும். குறைவதை யார் கட்டியது? இந்திய வரிப்பணம். நம்ம கொள்ளுத்தாத்தா உப்புக்குக் கட்டின வரி லண்டன் பங்குதாரருக்கு வட்டியாப் போச்சு.

இரண்டாவது, பருத்தி. 1896-ல் வெளிநாட்டுத் துணிக்கு 3.5 சதவீத இறக்குமதி வரி. சரி, அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும். ஆனால் அதே நேரம் இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீதம் உற்பத்தி வரி போட்டார்கள். ஏன்? லங்காஷயர் ஆலை முதலாளிகள் கேட்டார்கள். எங்கோ இருக்கும் போட்டியாளர் கேட்டதற்காகத் தன் நாட்டு ஆலைக்கே வரி போட்ட அரசாங்கம். அந்த வரி 1926-ல்தான் போனது. முப்பது வருஷம் தோழர்களே.

மூன்றாவது, அரசாங்கக் கொள்முதல். ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி லண்டன் இந்தியா ஆபீஸ் வழியாகவே வாங்கப்பட்டது. அஜ்மீர் பணிமனையில் 1895-லேயே ரயில் எஞ்சின் செய்துகாட்டினார்கள். ஆனாலும் எஞ்சின்கள் பிரிட்டனிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. பெரிய அளவில் எஞ்சின் செய்யும் தொழிற்சாலை சித்தரஞ்சனில் வந்தது 1950-ல், விடுதலைக்குப் பிறகு. ஆசியாவின் பெரிய ரயில் கட்டமைப்புகளில் ஒன்று இங்கே இருந்தது. அது ஒரு பெரிய எந்திரத் தொழிலை இங்கே பெற்றெடுத்திருக்க வேண்டும். பெற்றெடுக்கவில்லை, ஏனென்றால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது.

இதுதான் ஒதுங்கி நின்ற அரசின் லட்சணம். லாப உத்தரவாதம், வரி, கொள்முதல் ஆர்டர் என்று எல்லாவற்றிலும் அரசின் கை இருக்கிறது. அந்தக் கை யார் பக்கம் நீண்டது என்பதுதான் விஷயம்.

வங்கி யாருடையது?

இப்போது வங்கிக்கு வருவோம். 1806-ல் கல்கத்தா வங்கி தொடங்கி, 1809-ல் வங்காள வங்கி ஆனது. 1840-ல் பம்பாய் வங்கி. 1843-ல் நம்ம சென்னையில் மதராஸ் வங்கி. இவை மூன்றும்தான் மாகாண வங்கிகள். 1921-ல் மூன்றும் சேர்ந்து இம்பீரியல் வங்கி. 1955 ஜூலை 1 அன்று அதுவே பாரத ஸ்டேட் வங்கி. நம்ம ஊர் முக்கில் இருக்கிற எஸ்.பி.ஐ. கிளையின் வம்சாவளி இதுதான்.

இந்த வங்கிகளில் தொடக்கத்தில் அரசுக்கே பங்கு இருந்தது, இயக்குநர்களையும் அரசு நியமித்தது. 1876-ல் அரசு தன் பங்கை விலக்கிக்கொண்டது. அப்போ அரசு வெளியே போயிடுச்சா? இல்லை. அரசாங்கக் கஜானாவின் பணம் தொடர்ந்து இந்த வங்கிகளில் இருந்தது. மக்கள் கட்டிய வரிப்பணம் வங்கியின் பலம். ஆனால் இயக்குநர் குழுக்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் ஆட்கள். கடன் யாருக்கு எளிதாகக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்னையில் இதன் விளைவை நேரடியாகப் பார்த்தோம். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஐரோப்பிய நிறுவனம், பெரிய பெயர். ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் விதவைத் தாயும் சிறுகச் சேர்த்த பணம் அதில் போனது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்கை எடுத்து, 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. நமக்குத் துணிச்சல் இல்லை என்றார்களே, திவால் நடந்த மறு வருஷமே வங்கி தொடங்கியவர்கள் யார்?

மதராஸில் ஒரு அதிகாரி, தூத்துக்குடியில் ஒரு கம்பெனி

இரண்டு தமிழ்நாட்டு உதாரணங்கள்.

முதலாவது ஆல்ஃபிரட் சாட்டர்டன். வெள்ளைக்கார அதிகாரி, பொறியியல் பேராசிரியர். 1898 வாக்கில் சென்னைக் கலைக் கல்லூரியில் அலுமினியப் பாத்திரம் செய்வதைத் தொடங்கிவைத்தார். அது வெற்றி பெற்று ஒரு தனிக் கம்பெனியாகவே வளர்ந்தது. அடுத்து குரோம் தோல் பதனிடுதல், சேலத்தில் நெசவுப் பட்டறை. அரசு முதலில் செய்துகாட்டும், பாதை தெரிந்ததும் தனியார் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய வழி. மதராஸ் அரசாங்கமும் ஆதரித்தது. 1908-ல் ஊட்டியில் தொழில் மாநாடு நடத்தி, தொழில்துறைக்கென்று ஒரு தனி இலாகாவுக்கே திட்டம் போட்டார்கள்.

யாருக்குக் கோபம் வந்தது? சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு. அரசாங்கம் வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று முறையிட்டார்கள். 1910-ல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லியின் உத்தரவு வந்தது. தொழிற்கல்வி கொடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள் என்பது அதன் சாரம். மதராஸின் முயற்சி முடங்கியது. சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தார், சமஸ்தானமே சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை கட்டியது. இங்கே தடுக்கப்பட்டது அங்கே நடந்தது.

கவனியுங்கள். ரயிலுக்கு 5 சதவீத உத்தரவாதம் வாங்கியபோது "அரசு தலையிடக் கூடாது" என்று எந்த வணிகர் சங்கமும் போர்க்கொடி தூக்கவில்லை. அலுமினியப் பாத்திரம் வந்தபோதுதான் கொள்கை ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாவது, வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம். 25 ரூபாய் பங்கு, 10 லட்சம் ரூபாய் மூலதனம். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவர்கள் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்த கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று கேட்டிருக்கோமா? 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் அரசாங்க ஒப்பந்தத்தில் பிறந்த கம்பெனி அது. அரசாங்கத் தபால் பணத்தில் உடம்பு வளர்த்தவர், சந்தைப் போட்டி என்ற பெயரில் நம்ம ஆளோடு மல்லுக்கு வந்தார். நம்ம ஆளுக்கு அரசாங்கம் கொடுத்தது என்ன? 1908-ல் கைது, கோவைச் சிறை, செக்கு. 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. இதைச் "சந்தையில் தோற்றார்" என்று யாராவது எழுதினால் அது வரலாறா?

கொள்கை மாறியபோது நடந்தது

பாக்சியின் வாதத்தில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. முதல் உலகப் போரில் கப்பல் வரத்து குறைந்தது, உள்நாட்டில் உற்பத்தி இல்லாத கஷ்டம் அரசுக்கே புரிந்தது. தேசிய இயக்கத்தின் அழுத்தமும் கூடியது. 1920-களில் சில தொழில்களுக்கு மட்டும் பாதுகாப்பு வரி என்ற கொள்கை வந்தது.

1924-ல் எஃகுக்குப் பாதுகாப்பு. டாடா ஆலை பிழைத்தது. 1932-ல் சர்க்கரைக்குப் பாதுகாப்பு. அதற்கு முன் நாட்டில் சுமார் 30 கரும்பாலைகள். ஐந்தே வருஷத்தில் 130-ஐத் தாண்டியது!

அஞ்சு வருஷத்துல இந்தியனோட ரத்தம் மாறிடுச்சா? சாதி ஒழிஞ்சிடுச்சா? தங்க ஆசை போயிடுச்சா? எதுவும் இல்லை. கொள்கை மாறியது, அவ்வளவுதான்.

கோவையை எடுத்துக்கங்க. 1930-களில் அங்கே நூற்பாலைகள் பெருகியதற்குப் பின்னால் அந்த ஊர்க்காரர்களின் உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையமும் இருக்கிறது. அரசாங்கம் பொதுப்பணத்தில் கட்டிய மின்நிலையம். உழைப்பும் மின்சாரமும் சேர்ந்ததில் வந்தது அந்த வளர்ச்சி.

ஆனால் இந்தப் பாதுகாப்பும் சும்மா வரவில்லை. 1927-ல் எஃகு வரியைத் திருத்தியபோது பிரிட்டிஷ் எஃகுக்குக் குறைந்த வரி, மற்ற நாட்டு எஃகுக்குக் கூடுதல் வரி என்று வைத்தார்கள். நமக்குக் கதவைச் சாத்தும்போதும் லண்டனுக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

நம்ம முதலாளிகள் மட்டும்?

இங்கே ஒரு தோழர் கேட்கலாம். "அப்போ வெள்ளைக்காரன் போனதும் எல்லாம் சரியாயிடுச்சா?"

பாக்சி இந்திய முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்க வந்தவர் இல்லை. அரசின் பாதுகாப்பு என்பது பொதுமக்கள் கொடுக்கும் சலுகை. வரி போட்டால் விலை ஏறும், அதை வாங்குபவர் சுமக்கிறார். அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஜாம்ஷெட்பூரில் 1920, 1922, 1928 என்று தொழிலாளர் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாப்பு ஆலைக்குக் கிடைத்தது. ஆலைக்குள் இருந்தவர்கள் தங்கள் பங்கைப் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

1944-ல் டாடா, பிர்லா உள்ளிட்ட தொழிலதிபர்களே 'பம்பாய்த் திட்டம்' வெளியிட்டார்கள். அரசு பெரிய அளவில் திட்டமிட வேண்டும், முதலீடு செய்ய வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்! முதலாளிகளுக்கு அரசு எப்போதுமே வேண்டும். கணக்குக் கேட்கிற அரசுதான் வேண்டாம்.

விடுதலைக்குப் பின் உரிம முறை வந்தது. பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தத்தான் என்றார்கள். 1967-ல் ஆர்.கே. ஹசாரியின் அறிக்கை வேறு படத்தைக் காட்டியது. பெரிய குழுமங்கள், குறிப்பாக பிர்லா குழுமம், உரிமங்களை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் நுழையாதபடி இடம் பிடித்திருந்தன. கட்டுப்படுத்த வந்த கருவியே வேலியாக மாறிவிட்டது.

அதற்கும் முன்னால், 1957-ல் முந்த்ரா விவகாரம். புதிதாக நாட்டுடைமையான எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. பாலிசிதாரர் பணம். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி, அதாவது பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். நிதியமைச்சர், நம்ம சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அரசு நிறுவனம் என்பதாலேயே தவறு நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அரசு நிறுவனம் என்பதால்தான் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது. ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கணும்.

எதிர்வாதமும் தெரிந்திருக்க வேண்டும்

பாக்சியை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். பீகாரின் கங்கைச் சமவெளி பற்றி அவர் ஒரு புகழ்பெற்ற ஆய்வு செய்தார். புக்கானன் என்ற அதிகாரி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்கையும் 1901 மக்கள்தொகைக் கணக்கையும் ஒப்பிட்டு, கைத்தொழிலை நம்பி வாழ்ந்த மக்களின் பங்கு 18 சதவீதத்துக்கு மேல் இருந்து 9 சதவீதத்துக்கும் கீழே போனதாகக் காட்டினார். புக்கானன் கணக்கை அந்த அளவுக்கு நம்ப முடியாது என்று மரிகா விக்சியானி மறுத்து எழுதினார். தீர்த்தங்கர் ராய் போன்றவர்கள், காலனி காலத்தின் திறந்த வணிகத்தால் பலனும் கிடைத்தது, கைத்தொழில் முழுக்க அழிந்துவிடவில்லை என்கிறார்கள்.

இவங்களை எல்லாம் "அந்தப் பக்கத்து ஆள்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடாதீர்கள். கைத்தறி பல இடங்களில் தாக்குப்பிடித்தது உண்மைதான், தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு அது நல்லாவே தெரியும். ஆனால் 1896 உற்பத்தி வரியும், 5 சதவீத உத்தரவாதமும், மார்லியின் உத்தரவும் அந்த மறுப்புகளால் இல்லாமல் போய்விடவில்லை. அளவைப் பற்றி விவாதம் இருக்கலாம். அரசு யாருக்காகக் கையெழுத்துப் போட்டது என்பது காகிதத்திலேயே இருக்கிறது.

இன்றைக்கு என்ன?

ஸ்டேட் வங்கியின் வம்சாவளியைச் சொன்னேன் இல்லையா? அதே வங்கிக்கு 2018-ல் ஒரு புது வேலை வந்தது. தேர்தல் பத்திரம். நாட்டிலேயே அதை விற்கும் உரிமை எஸ்.பி.ஐ.க்கு மட்டும். அதற்கு முந்தைய வருஷம்தான் நிதிச் சட்டத்தின் வழியாக ஒரு மாற்றம் செய்தார்கள். மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் ஒரு கம்பெனி கட்சிக்குக் கொடுக்கலாம் என்ற வரம்பு போனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டிய கட்டாயமும் போனது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. விவரங்களைக் கொடுங்கள் என்றால், வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச்சில் பட்டியல் வெளியே வந்தது. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று முதல்முறையாக மக்கள் படித்தார்கள்.

தொழிலுக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பொருளாதார வரலாற்றாய்வாளர் நாற்பது ஆண்டு காலத் தரவுகளைத் தோண்டி எடுத்ததற்கும், இந்தப் பட்டியலுக்கும் அடிப்படையில் ஒரு தொடர்பு இருக்கிறது. ரெண்டும் மறைவாக இருந்த கணக்கை வெளியே கொண்டுவருவது. அங்கே ஆவணக் காப்பகம் திறந்தது, இங்கே வழக்குப் போட்டுத் திறக்க வேண்டியிருந்தது.

ஆகவே, பாக்சியைப் படித்ததன் பயனாக, அடுத்த முறை ஒரு பெரிய முதலீட்டு அறிவிப்பு வரும்போது, எந்த அரசாங்கம் அறிவித்தாலும் சரி, நாம் ஐந்து கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம்.

1. அரசு என்ன கொடுக்கிறது? நிலமா, மின்சாரமா, வரிச் சலுகையா, லாப உத்தரவாதமா? ரூபாயில் எவ்வளவு?

2. பொதுத்துறை வங்கிக் கடன் எவ்வளவு? திரும்ப வராவிட்டால் யார் தலையில்?

3. அரசாங்கக் கொள்முதல் ஆர்டர் யாருக்குப் போகிறது? சிறு தொழிற்கூடம் அந்த டெண்டருக்குள் நுழைய முடியுமா?

4. பதிலுக்கு என்ன நிபந்தனை? எத்தனை நிரந்தர வேலை, என்ன சம்பளம், எப்போது முதல்? நிறைவேறாவிட்டால் சலுகை திரும்ப வருமா?

5. இந்த முடிவெடுத்தவர்களுக்கு யார் நிதி கொடுத்தார்கள்?

இந்த ஐந்துக்கும் விடை தேட நாம் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பட்ஜெட் ஆவணம் இணையத்தில் இருக்கிறது. தணிக்கைத் துறை அறிக்கை இருக்கிறது. கம்பெனியின் ஆண்டறிக்கை இருக்கிறது. சட்டமன்றக் கேள்வி பதில் இருக்கிறது. எதுவும் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ரெண்டு தோழர்கள், தங்கள் மாவட்டத்தின் ஒரே ஒரு தொழிற்பேட்டையை எடுத்து இந்த ஐந்து கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். கிடைக்கிற விடையை எழுதுங்கள். விடை தரமறுத்தால், மறுத்த கடிதத்தையும் பத்திரமா வையுங்கள். அதுவும் ஒரு ஆவணம்தான்.

"அரசு ஒதுங்கி நிற்கட்டும்" என்று இனி யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள். "எந்த வருஷம் ஒதுங்கி நின்னுச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். 1849-லா? 1896-லா? 1910-லா? 2018-லா? அவர் யோசிக்கட்டும். அதன் பிறகு நம்மிடம் இருக்கிற கணக்கை எடுத்து மேசையில் வைப்போம்.

கேள்விகளைக் கீழே எழுதுங்கள், அடுத்த வகுப்பில் பேசுவோம்.